ஒரு அடிக்கு ஒரு அடி: ‘ஷிரென்’ விளையாட்டுக்கு ஓர் அறிமுகம்

1995 டிசம்பர் 1 அன்று ஜப்பானில் சூப்பர் ஃபாமிகாம் என்ற நின்டெண்டோ கேம் கருவிக்காக ஒரு கேம் வெளியானது. முழுப்பெயர் ‘ஃபுஷிகி நோ டன்ஜன் 2: ஃபூராய் நோ ஷிரென்’. ரசிகர்களுக்கு வெறும் ‘ஷிரென்’. திரையைப் பார்த்தால் அந்தக் காலத்து ஜப்பானிய ரோல்பிளேயிங் கேம்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அகன்ற தொப்பியும் கோடு போட்ட மேலங்கியுமாக ஊர் ஊராகச் சுற்றும் ஒரு நாடோடி. அவனோடு கூடவே வரும், கீரி போன்ற ஒரு பிராணி; பெயர் கொப்பா, வாய் ஓயாமல் பேசும். டேபிள் மவுண்டன் என்ற மலையுச்சியில் பொன்னகரம் இருக்கிறது, அங்கே தங்கக் காண்டோர் பறவை இருக்கிறது என்று ஒரு கதை. சரி, போய்ப் பார்ப்போம் என்று பள்ளத்தாக்கில் உள்ள சத்திரத்திலிருந்து கிளம்புகிறோம். மொத்தம் 30 தளங்கள்.

மூன்றாவது தளத்திலோ நான்காவது தளத்திலோ செத்துப்போவோம். கண்விழித்தால் பழைய சத்திரம். கையில் இருந்த வாள், கேடயம், காசு எல்லாம் போய்விட்டன. அதுகூடப் பரவாயில்லை, லெவலும் மறுபடி 1. மீண்டும் கிளம்பினால் முதல் தளத்தின் வரைபடம் மாறியிருக்கிறது. போன தடவை வலதுபக்கம் இருந்த படிக்கட்டு இப்போது எங்கே என்று தெரியாது.

புதிதாக விளையாடுபவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில் கேமை மூடிவைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஏறிய லெவல் கையை விட்டுப் போகாது, சேவ் செய்த இடத்திலிருந்து தொடரலாம், முன்னால் தோற்ற எதிரியைப் பிறகு வந்து நசுக்கலாம் என்றுதான் மற்ற கேம்கள் பழக்கியிருக்கின்றன. ஷிரெனின் முக்கிய மலையேற்றத்தில் இந்த மூன்றுமே கிடையாது. அப்படியானால் இதில் என்னதான் இருக்கிறது? எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு விதி இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும். அதற்கு முன்னால், இந்த வகை கேம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

1980 வாக்கில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்கள் ‘ரோக்’ என்ற கேமை எழுதினார்கள். பிறகு பெர்க்லியில் கென் ஆர்னால்டும் அதில் சேர்ந்துகொண்டார். படமே கிடையாது, திரை முழுக்க எழுத்துகளும் குறிகளும்தான். மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வரும் ‘அட்’ குறிதான் வீரன். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு மான்ஸ்டர். ஒவ்வொரு முறை விளையாடும்போதும் நிலவறையின் அறைகளைக் கணினியே புதிதாக அமைத்துக் கொடுக்கும். செத்தால் அவ்வளவுதான், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பெர்க்லியிலிருந்து வந்த யூனிக்ஸ் இயங்குதளத் தொகுப்போடு சேர்ந்து இது பல்கலைக்கழகக் கணினிகளில் பரவியது. இதன் வழியில் வந்த கேம்களுக்கு ‘ரோக்லைக்’ என்று பெயர் நிலைத்தது.

ஜப்பானில் கோய்ச்சி நகாமுரா என்பவர் 1984இல் சுன்சாஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற ரோல்பிளேயிங் வரிசையின் முதல் ஐந்து கேம்களைச் செய்துகொடுத்தது இந்த நிறுவனம்தான். ஐந்தாவது கேம் 1992இல் வந்த பிறகு சுன்சாஃப்ட் சொந்தச் சரக்கில் இறங்கியது. ரோக் கேமின் எலும்புக்கூட்டை எடுத்து, அதில் ஜப்பானியக் குடும்பங்களுக்குப் பழகிய முகம் ஒன்றைப் பொருத்தியது. அந்த முகம் டொர்னெகோ. டிராகன் குவெஸ்டின் நான்காம் பாகத்தில் வந்த, தொந்தி வைத்த வியாபாரி. 1993இல் வந்த ‘டொர்னெகோ நோ டாய்போகென்’ அவருடைய கதை. நிலவறைக்குள் இறங்கிப் பொருள் பொறுக்கிவந்து விற்றால் அவருடைய கடை வளரும். தேர்வு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்: போரில் வல்லவனை அனுப்பாமல், பொருளின் மதிப்பு தெரிந்தவனை உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். ‘ஆயிரம் தடவை விளையாடக்கூடிய ரோல்பிளேயிங் கேம்’ என்று அதற்கு விளம்பரமும் செய்தார்கள். இரண்டு வருடம் கழித்து, யாரிடமும் கடன் வாங்காத சொந்தக் கதாபாத்திரத்தோடு வந்ததுதான் ஷிரென். இசை இரண்டுக்குமே டிராகன் குவெஸ்டின் இசையமைப்பாளரான கோய்ச்சி சுகியாமாதான்.

வரலாறு போதும். விதிக்கு வருவோம்.

மலைவழியில் நிலவறை போல வரும் ஒவ்வொரு தளமும் கண்ணுக்குத் தெரியாத கட்டங்களால் ஆனது. நீங்கள் ஒரு கட்டம் நகர்ந்தால் அந்தத் தளத்தில் உள்ள எல்லா மான்ஸ்டர்களும் ஒரு கட்டம் நகரும். நீங்கள் ஒரு தடவை வாளை வீசினால் அவையும் ஆளுக்கொரு காரியம் செய்யும். மூலிகை தின்பது, அம்பு விடுவது, கேடயத்தை மாற்றுவது என்று எதைச் செய்தாலும் ஒரு டர்ன், அதாவது நம் முறை ஒன்று, கழியும். நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் உலகம் அப்படியே நிற்கும். மான்ஸ்டர் மூக்குக்கு நேரே வாயைப் பிளந்து நிற்கும்போது எழுந்துபோய் சாப்பிட்டுவிட்டு வரலாம். அது காத்திருக்கும். பையைத் திறந்து பார்ப்பதற்கும், நின்ற இடத்தில் திசை திரும்புவதற்கும் டர்ன் செலவாகாது.

இதனால் என்ன ஆகிறது? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். உங்களுக்கும் ஒரு மான்ஸ்டருக்கும் நடுவே ஒரே ஒரு காலிக் கட்டம் இருக்கிறது. பழக்கதோஷத்தில் நாம் முன்னால் அடி வைப்போம். வைத்தால் அதன் பக்கத்தில் போய் நிற்போம். நம் டர்ன் முடிந்தது. முதல் அடி அதனுடையது. அதற்குப் பதிலாக நின்ற இடத்திலேயே வாளைச் சும்மா காற்றில் வீசினால்? ஒரு டர்ன் கழியும். மான்ஸ்டர் நம் பக்கத்தில் வந்து நிற்கும். இப்போது முதல் அடி நம்முடையது. வீண்வேலை போலத் தெரியும் அந்த வீச்சு ஒரு முழு அடியை மிச்சம் பிடித்துக்கொடுத்தது. ஆரம்பத்தில் ஷிரெனின் உயிர்ப்புள்ளி வெறும் 15. இருக்கிற மான்ஸ்டர்களிலேயே சோப்ளாங்கியான மாமுல்கூட நாலைந்து தடவை அடித்தால் பாதி உயிர் போய்விடும். அந்த ஒரு அடி பெரிய விஷயம்.

இதே கணக்கை நீட்டிக்கொண்டே போகலாம். ஷினிகாமி என்ற மான்ஸ்டர், அதாவது அரிவாளோடு வரும் மரணதேவன், நாம் ஓர் அடி வைக்கும் நேரத்தில் இரண்டு அடி வைக்கும். சுவருக்குள்ளேயும் புகுந்து வரும். அதனிடமிருந்து ஓடித் தப்ப முடியாது. எவ்வளவு ஓடினாலும் தூரம் குறையத்தான் செய்யும். போயா என்ற வில்லாளிப் பையன் தூரத்திலிருந்தே நேர்கோட்டில் அம்பு விடுவான். ஆகவே அவனை நோக்கி நேராக நடப்பவன் போகும் வழியெல்லாம் அடிவாங்குவான். கோட்டை விட்டு விலகி, மூலையில் மறைந்து, அவனைப் பக்கத்தில் வரவைத்தால் பாதி வேலை முடிந்தது. குறி தவறிய அம்புகள் தரையில் கிடக்கும், பொறுக்கிக்கொள்ளலாம். கொஞ்சம் அனுபவம் வந்தவர்கள் போயாவைக் கண்டால் பயப்பட மாட்டார்கள், அம்பு வந்து சேர்கிறது என்று சந்தோஷப்படுவார்கள்.

டர்ன் என்பதற்கு விலையும் உண்டு. விலை, பசி.

ஷிரெனின் வயிறு 100 என்ற அளவில் தொடங்கும். ஏறக்குறைய பத்து அடிக்கு ஒன்று வீதம் குறையும். பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் அதன்பிறகு அடிக்கு அடி உயிர்ப்புள்ளி கரையும். வயிற்றை நிரப்பக் கிடைப்பது ஓனிகிரி என்ற சோற்றுருண்டை. ஒன்று தின்றால் 50 ஏறும். பெரியதாக இருந்தால் முழு வயிறும் நிரம்பும். சோற்றுருண்டை கிடைக்குமா என்பது அந்தந்தத் தளத்தின் அதிர்ஷ்டம்.

இன்னொரு பக்கம், டர்ன் கழியக் கழிய உயிர்ப்புள்ளி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அடிபட்ட ஷிரென் ஓர் ஓரமாக நின்று அதே இடத்தில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தால் குணமாகிவிடுவான். ஆனால் வயிறு காய்ந்துகொண்டே இருக்கும். அதாவது சோற்றை உயிராக மாற்றிக்கொள்கிறோம். இதைப் புரிந்துகொண்டவருக்கு ஒவ்வொரு தளமும் ஒரு வரவுசெலவுக் கணக்காகத் தெரியத் தொடங்கும். இந்த அறையின் மூலையில் ஏதோ ஐட்டம் கிடக்கிறது. போய்வர முப்பது அடி. அதற்கு மூன்று புள்ளி வயிறு. போகலாமா? பெரும்பாலும் போகலாம். ஆனால் மொத்தத் தளத்தையும் தூர் வாரிவிட்டுத்தான் அடுத்த தளத்துக்குப் போவேன் என்று பிடிவாதம் பிடித்தால், ஒரு கட்டத்தில் காற்று வீசத் தொடங்கும். ஒரே தளத்தில் அதிக நேரம் தங்குபவனை அந்தக் காற்று தூக்கி வெளியே எறிந்துவிடும். அந்தப் பயணம் அதோடு முடிந்தது. ஒரே இடத்தில் பாய் விரித்து லெவல் ஏற்றிக்கொள்ளும் ஆசைக்கும் இதுதான் பூட்டு.

அடுத்து, பொருட்கள். என்னைக் கேட்டால் இந்த கேமின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கிடைக்கும் பொருளில் பல, தம் உண்மைப் பெயரோடு வராது. கைத்தடி ஒன்று கிடைக்கும்; அது ஏதோ ஒரு மரத்தின் பெயரைச் சொல்லும், என்ன செய்யும் என்று சொல்லாது. அடுத்த பயணத்தில் அதே மரத்தின் பெயர் வேறொரு தடிக்குப் போயிருக்கும். ஆகவே மனப்பாடம் செய்து பயனில்லை, துப்பறியத்தான் வேண்டும். தடியை எதன்மீதாவது வீசிப் பார்க்கலாம். எதிரி பறந்துபோய் சுவரில் மோதினால் அது தள்ளிவிடும் தடி. எதிரியும் நாமும் இடம் மாறினால் அது இடமாற்றுத் தடி. சோதனையை மாமுலிடம் செய்து பார்ப்பது உத்தமம்; பயங்கரமான எதிரி எதிரே நிற்கும்போது செய்தால், அது அவனை இன்னும் பலமாக்கும் தடியாக இருந்துவிடலாம்.

வழியில் கடை வந்தால் இன்னொரு வழி திறக்கும். கடைக்காரருக்கு எந்தப் பொருள் எதுவென்று தெரியும். நம்மிடம் சொல்ல மாட்டார். ஆனால் விலை சொல்வார். ஒவ்வொரு விலைக்கும் குறிப்பிட்ட சில பொருட்கள்தான் இருக்கும் என்பதால், விலையைக் கேட்டே முக்கால்வாசி ஊகித்துவிடலாம். விற்கும் எண்ணமே இல்லாமல் பையில் இருப்பதையெல்லாம் கடையில் இறக்கிவைத்து விலை கேட்டுவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

திருடினால்தான் கோபித்துக்கொள்வார். ஆம், திருடலாம். கடைச் சரக்கைக் கையில் எடுத்ததும் அவர் வாசலில் வந்து நின்றுகொள்வார். காசு கொடுத்தால் விலகுவார். கொடுக்க மனமில்லாதவர்கள் குந்தாலியால் சுவரைக் குடைந்து வெளியேறலாம், வேறிடத்துக்குத் தூக்கிப்போடும் மூலிகையைத் தின்னலாம், அல்லது அந்த இடமாற்றுத் தடியைக் கடைக்காரர்மீதே வீசலாம். அவர் கடைக்குள், நாம் வாசலில்! அப்புறம் ஓட்டம்தான். கடைக்காரரும் காவல்நாய்களும் துரத்தும். அவர் அடி சாதாரண அடி இல்லை. ஆரம்பகட்ட ஷிரென் இரண்டாவது அடிக்கு இருக்க மாட்டான். படிக்கட்டு எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் திருடக் கூடாது என்பதைப் பெரும்பாலானோர் ஒருமுறை செத்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

கிறுக்குத்தனமான பொருட்களுக்குப் பஞ்சமே இல்லை. ஜாடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு ஜாடியில் பொருளைப் போடலாம், எடுக்கலாம். மற்ற பல ஜாடிகளில் போட்டால் போட்டதுதான். எடுக்க வேண்டுமானால் ஜாடியைச் சுவரில் எறிந்து உடைக்க வேண்டும். கூட்டு ஜாடியில் இரண்டு வாளைப் போட்டால் உள்ளே ஒன்றாகிவிடும். ஒன்றின் பலமும் மற்றதின் விசேஷ குணமும் ஒரே வாளில் சேரும். உடைத்து எடுத்துக்கொள்ளலாம். காசையும் எறியலாம். கிதான் என்பது அங்கே காசு. காசுப்பையைத் தூக்கி எதிரிமேல் எறிந்தால், தொகையில் பத்தில் ஒரு பங்கு அவனுக்குச் சேதம். ஆயிரம் கிதானை எறிந்தால் நூறு புள்ளி. சாகும் நேரத்தில் காசு எதற்கு என்ற தத்துவத்தை இவ்வளவு நேரடியாகச் செயல்படுத்திய கேம் வேறு எனக்குத் தெரியாது.

பூஃபூவின் தடி இன்னும் ஒருபடி மேலே. அதை மான்ஸ்டர்மேல் வீசினால் அது இறைச்சித் துண்டாக மாறித் தரையில் விழும். அந்த இறைச்சியைத் தின்றால் ஷிரென் அந்த மான்ஸ்டராகவே கொஞ்ச நேரம் மாறிவிடுவான், அதன் திறமைகளோடு. சுவருக்குள் நடக்கும் மான்ஸ்டரின் இறைச்சியைத் தின்றவனுக்குக் கடையில் வாசல் எதற்கு? இறைச்சியைத் தின்னாமல் இன்னொரு மான்ஸ்டர்மேல் எறியவும் செய்யலாம். அப்போது அது மாறிவிடும். மாமுலின் இறைச்சி ஒன்று பையில் இருந்தால் மலைபோல் வரும் எதிரியை ஒரே எறியில் மாமுலாக்கிவிடலாம்.

மான்ஸ்டர்களும் சும்மா இல்லை. கைப்பொருளைப் பறித்துக்கொண்டு கண்ணுக்கெட்டாத தூரம் மறைந்துவிடும் கடல்சிங்கத் திருடன் உண்டு. தேடிப்பிடித்துக் கொன்றால் பொருள் திரும்பக் கிடைக்கும். பையிலுள்ள பொருளைச் சோற்றுருண்டையாக மாற்றிவிடும் ஒன்றும் உண்டு. பசியில் இருப்பவனுக்கு அது வரம். அரும்பாடுபட்டுக் கூட்டிய கேடயம் சோறாகிப்போனவனிடம் இதைச் சொல்லாதீர்கள். எல்லாவற்றையும்விட விசித்திரம், ஒரு மான்ஸ்டர் இன்னொரு மான்ஸ்டரைக் கொன்றால் அதற்கு லெவல் ஏறும். போயா விட்ட அம்பு குறுக்கே வந்த இன்னொரு மான்ஸ்டரைக் கொன்றுவிட்டால், அடுத்த டர்னில் எதிரே நிற்பவன் பழைய போயா இல்லை. ஏமாந்தால் அந்த மாமுலுக்குக்கூட லெவல் ஏறும். மூன்றாம் லெவலில் அது குகை மாமுல். பார்க்க அதே சாதுவான உருவம்தான், அடி மட்டும் நம்பமுடியாத அடி.

இவையெல்லாம் சேர்ந்தால் விளையாட்டு எப்படியிருக்கும்? ஒரு நிலைமையைக் கற்பனை செய்து பார்க்கலாம்.

நீண்ட வழி முடிந்து ஓர் அறைக்குள் கால் வைக்கிறீர்கள். இசை மாறுகிறது. ‘மான்ஸ்டர் ஹவுஸ்’ என்று திரையில் எழுத்து. அறை முழுக்க மான்ஸ்டர்கள். கூடவே நிறையப் பொருட்களும், கண்ணுக்குத் தெரியாத பொறிகளும். உயிர்ப்புள்ளி 30. பையில் நாலு அம்பு, ஒரு தூக்க மூலிகை, ஒரு சோற்றுருண்டை, இடமாற்றுத் தடி ஒன்று. புதியவர் பதறிப்போய் எதையாவது அழுத்துவார். பழகியவர் கைகளை எடுத்துவிடுவார். உலகம் நிற்கிறதே, யோசிக்கலாம்.

முதல் யோசனை, பின்வாங்குவது. வந்த வழிக்குள் ஓரடி பின்னால் போனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் நம்மை அடிக்க முடியும். இந்த கேமில் எட்டுத் திசையிலும் நகரலாம், அடிக்கலாம்; ஆனால் சுவரின் மூலையைச் சுற்றிக் குறுக்காக அடிக்க முடியாது. நமக்கும் முடியாது, அவற்றுக்கும் முடியாது. அறைக்குள் நிற்பவனைப் பல பேர் தாக்கலாம். வழிக்குள் நிற்பவனை ஒருவன்தான். எட்டு பேரோடு நடக்கவிருந்த சண்டை இப்போது ஒருவனோடு ஒருவனாக எட்டுச் சண்டைகளாகிவிட்டது. 30 புள்ளி அதற்குப் போதுமா? கூட்டத்தில் இரட்டை வேகக்காரன் ஒருவன் இருந்தால் போதாது. வரிசையின் கடைசியில் வில்லாளி நின்றால் நிலைமை வேறு மாதிரி. அவன் அம்பு முன்னால் நிற்கும் தன் கூட்டாளியைத்தான் குத்தும். அது நமக்கு உதவி. ஆனால் கூட்டாளி செத்தால் வில்லாளிக்கு லெவல் ஏறும். அது உபத்திரவம்.

இரண்டாவது யோசனை, தூக்க மூலிகை. நாம் தின்றால் நாம் தூங்கிச் சாக வேண்டியதுதான். எறிந்தால் எதிரி தூங்குவான். வழிக்குள் முதலாவதாக நிற்பவன் தூங்கிவிட்டால் அவனே பின்னால் வருபவர்களுக்குத் தடைச்சுவர். கெட்ட மூலிகை என்று நினைத்தது நல்ல பூட்டாகிவிட்டது. அந்த இடைவெளியில் திரும்பி நடக்கலாம்.

மூன்றாவது யோசனைதான் அழகு. அறையின் எதிர்மூலையில் படிக்கட்டு தெரிகிறது. அதன் பக்கத்தில் ஒரு மான்ஸ்டர், நமக்கு நேர்கோட்டில், நடுவில் யாரும் இல்லை. இடமாற்றுத் தடியை வீசினால்? நாம் படிக்கட்டுக்குப் பக்கத்தில், அது வாசலில். நம்மைச் சூழ வந்துகொண்டிருந்த கூட்டம் இப்போது முதுகைக் காட்டி நிற்கிறது. படிக்கட்டுப் பக்கம் இருப்பவர்கள் ஓரடி கொடுப்பார்கள், தாங்கலாம். அடுத்த அடியில் படிக்கட்டு, அடுத்த தளம். வாளை ஒருதடவைகூட வீசவில்லை. லெவல் 5ஓ 15ஓ, இதில் ஒரு வித்தியாசமும் இல்லை.

இதனால்தான் இது அதிர்ஷ்ட விளையாட்டு என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. என்ன கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம்தான். ஆனால் செத்த பிறகு கடைசி இருபது டர்னை மனதில் பின்னோட்டிப் பாருங்கள். பெரும்பாலும் வேறு மாதிரிச் செய்திருக்கக்கூடிய ஓர் இடம் கண்ணில் படும். வயிறு பத்தில் இருந்தபோது சோற்றைத் தின்னாமல் கஞ்சத்தனம் பிடித்தது, பின்னால் தேவைப்படும் என்று தடியைக் கடைசிவரை வீசாமலே வைத்திருந்தது. இரண்டாவது ரொம்பச் சகஜம். சேர்த்துவைத்த பொருளோடு சாவதுதான் ஷிரென் ஆட்டக்காரர்களின் தேசிய வியாதி.

வரைபடம் ஏன் ஒவ்வொரு முறையும் மாறுகிறது என்பதும் இங்கே விளங்கும். மாறாமல் இருந்தால் நாம் வழியை மனப்பாடம் செய்வோம். மாறுவதால், விதிகளைத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

எல்லாமே போய்விடுமா என்றால், இல்லை. ரோக் கேமிலிருந்து ஷிரென் விலகும் இடம் இது. மலைக்குப் போகும் வழியில் ஊர்கள் இருக்கின்றன. கிடங்கில் பொருளைப் போட்டுவைத்தால் செத்த பிறகும் அது அப்படியே இருக்கும். கொல்லரிடம் காசு கொடுத்து வாளைத் தீட்டிக்கொள்ளலாம். நல்ல வாளைச் சில பயணங்களில் தீட்டி, கிடங்கில் வைத்து, ஒருநாள் அதை எடுத்துக்கொண்டு மலையேறுவது பலர் கையாளும் முறை. ஆனால் அந்தப் பயணத்தில் செத்தால் வாளும் போகும். கிடங்கைத் திறந்து அதை எடுக்கும்போதே கை கொஞ்சம் நடுங்கும்.

மனிதர்களும் மறப்பதில்லை. நீங்கள் செத்துச் செத்துத் திரும்பும்போது ஊர்க்காரர்களின் கதை தன்பாட்டுக்கு நகர்கிறது. கண்ணில் பொடி தூவுவதில் பேர்போன ஓர்யூ என்ற பெண், கண் தெரியாதவன் போல் நடிக்கும் கெச்சி, ‘நான்தான் உன்னைப் பிரிந்த தம்பி’ என்று ஷிரெனிடம் வந்து ஒட்டிக்கொள்ளும் பெகெஜி எல்லாரும் முதல் சந்திப்பில் ஏதாவது வம்பு செய்வார்கள். பல பயணங்கள் கழித்துத்தான் அவர்கள் கூட வரச் சம்மதிப்பார்கள். ஆகவே ஐந்தாவது தளத்தில் செத்த பயணமும் கதையை ஓரடி நகர்த்தியிருக்கும். சாவைக் கதைக்குள்ளேயே ஒரு சாதாரண நிகழ்வாக்கிய இந்த ஏற்பாடு 1995க்கு ரொம்பவே முன்னோடியானது.

லெவல் 1க்குத் திரும்பும் விதியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சுன்சாஃப்டே ஒருமுறை செய்து பார்த்தது. 2008இல் வீ கருவிக்கு வந்த மூன்றாம் பாகத்தின் முக்கியக் கதையில் லெவல் அப்படியே தொடரும். விளையாடச் சுலபம்தான். ஆனால் கஷ்டமான தளம் வந்தால் லெவலை ஏற்றிக்கொண்டு திரும்பி வரலாம் என்றாகிவிட்டதும், பையிலுள்ள தடிகளைப் பற்றி யார் யோசிக்கப் போகிறார்கள்? பழைய ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. பின்னால் வந்தவை பழைய விதிக்கே திரும்பின.

இந்த எலும்புக்கூட்டில் வேறு முகங்களும் பொருத்தப்பட்டன. ‘ஃபைனல் ஃபேன்டஸி’ கேம் வரிசையின் மஞ்சள் பறவை சொகோபோவை வைத்து 1997இல் ஸ்கொயர் நிறுவனம் செய்த ஒன்று, 2005 முதல் போகிமான்களை வைத்து சுன்சாஃப்ட் செய்த ஒரு தனி வரிசை. போகிமான் வரிசையில் தோல்விக்கு இவ்வளவு கடுமை கிடையாது. குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கலாம்; டர்ன் விதி அதிலும் இதேதான்.

ஷிரெனை எதில் தொடங்குவது? ஜப்பானிய மொழி தெரியாதவர்களுக்கு 1995இன் மூலக் கேம் கஷ்டம். அதன் நின்டெண்டோ டிஎஸ் மறுபதிப்பு 2006இல் ஜப்பானில் வந்து, 2008இல் செகா நிறுவனம் வழியாக ஆங்கிலத்தில் வந்தது. பழைய கருவி கையில் இருந்தால் அதுவே போதும். இல்லாதவர்களுக்கு ஐந்தாம் பாகம் ஸ்விட்சிலும் கணினியிலும் 2020 முதல் கிடைக்கிறது. 2024இல் ஆறாம் பாகம் ஸ்விட்சுக்கு வந்து, அதே வருடம் கணினிக்கும் வந்தது. படம் தெளிவு, விளக்கங்கள் நிறைய. புதியவர்களுக்கு ஆறாம் பாகத்தையே சொல்வேன்.

மூலக் கேமையோ டிஎஸ் பதிப்பையோ விளையாடுபவர்கள் மலையேறும் முன் ‘ஃபேயின் புதிர்கள்’ என்ற பயிற்சிப் பகுதிக்குள் போய்வர வேண்டும். ஒவ்வொரு புதிரும் ஒரு சின்னத் தளம். பொருட்கள், மான்ஸ்டர்கள், பொறிகள் எல்லாம் எங்கே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும். உயிரோடு படிக்கட்டைத் தொட வேண்டும், அவ்வளவுதான். வாளால் முடியாது, யோசித்தால்தான் முடியும். தோற்றால் இழப்பதற்கு எதுவும் இல்லை, திரும்ப முயலலாம். மேலே சொன்ன மூலையில் குறுக்காக அடிக்க முடியாத விதி, இடமாற்றுத் தடி, இறைச்சி, ஜாடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இவை கற்றுக்கொடுக்கும். எல்லாவற்றையும் முடித்தவர்களுக்கு ஃபேயின் இறுதிப் புதிர் திறக்கும்: 99 தளங்கள், கிடங்கிலிருந்து எதையும் கொண்டுபோக முடியாது, கிடைக்கும் பொருளில் பெரும்பாலானவற்றுக்கு உண்மைப் பெயர் தெரியாது. மலையுச்சியைத் தொட்டுக் கதை முடிந்த பிறகுதான் கேம் ஆரம்பமாகிறது என்று பழைய ரசிகர்கள் சொல்வது இந்த 99 தளங்களை நினைத்துத்தான்.